ஆதார சட்ஜம் நகரும் இசை: கர்நாடக இசை கற்றவர்களுக்கு ஜாஸ் ஹார்மனி வழிகாட்டி

கர்நாடக இசையைப் பல ஆண்டுகள் பயின்ற ஒருவர் ஜாஸ் பக்கம் திரும்பும்போது வெறுங்கையோடு வருவதில்லை. 72 மேளகர்த்தாக்களின் சுர அமைப்பு அவருக்குத் தெரியும். ஒருமுறை கேட்ட சங்கதியைத் திருப்பிப் பாடும் காதும், மேடையிலேயே கற்பனை செய்து கல்பனாசுரம் பாடிய பழக்கமும், கணக்கு எவ்வளவு சிக்கலானாலும் தாளத்தைத் தவறவிடாத கையும் அவரிடம் உண்டு. ஆயினும், பியானோவும் பேஸும் டிரம்ஸும் சேர்ந்து ஒலிக்கும் இடத்தில் முதன்முறையாக நின்று வாசிக்கும்போது, சரியான சுரங்களைத்தான் வாசிக்கிறோம் என்று தெரிந்தும், வாசிப்பது பாட்டோடு ஒட்டாமல் விலகி நிற்பதை அவர் உணர்வார். நானும் வயலினோடு அப்படி நின்றிருக்கிறேன். அந்தப் பாட்டுக்குக் கரஹரப்ரியா பொருந்தும் என்று ஒருவர் சொன்னதை நம்பி, தொடக்கம் முதல் இறுதிவரை கரஹரப்ரியாவையே வாசித்தேன். பியானோ கலைஞர் பாருக்குப் பார், அதாவது நான்கு எண்ணிக்கைக்கு ஒருமுறை, கார்டுகளை (ஒன்றாக ஒலிக்கும் சுரக் கூட்டுகளை) மாற்றிக்கொண்டிருந்தார். அவற்றில் ஒன்றுகூட என் காதில் விழவில்லை.

எங்கே தவறு நேர்ந்தது என்பது பின்னர்தான் விளங்கியது. நம் இசையில் தம்பூரா ஒலிக்கத் தொடங்கிய பிறகு ச நகர்வதில்லை. மற்ற ஆறு சுரங்களும் அந்த ஒன்றை வைத்தே பொருள் பெறுகின்றன. ஜாஸில் பாட்டுக்கு ஒரு ச உண்டு, ஆனால் அதன் கீழே ஒலிக்கும் கார்டு ஒவ்வொன்றும் தனக்கென ஒரு சவைக் கொண்டுவருகிறது. நீங்கள் ஒரே சுரத்தை நீட்டிப் பிடித்திருந்தாலும், கீழே தரை மாறும்போது அது ஒருமுறை காந்தாரமாகவும் அடுத்த நொடி நிஷாதமாகவும் கேட்கும். இந்த ஒரு மாற்றத்தைக் காது ஏற்றுக்கொள்ள வைப்பதே ஜாஸ் ஹார்மனிப் பயிற்சியின் பெரும்பகுதி. ஸ்கேல்களின் பட்டியலை அதன் பிறகு பார்த்துக்கொள்ளலாம். பெரும்பாலான பாடநூல்கள் ஸ்கேல்களை முதலில் வைக்கின்றன; ராகம் தெரிந்தவருக்கு அது எளிதாகத் தோன்றுவதால், அவர் அங்கேயே தங்கிவிடுகிறார். இந்தக் கட்டுரை அந்த வரிசையைத் தலைகீழாக்கிச் சொல்கிறது.

முதல் படி: ஒரு கீபோர்டும் 12 கட்டைகளும்

நீங்கள் பாடுபவராக இருந்தாலும், வயலினோ வீணையோ புல்லாங்குழலோ வாசிப்பவராக இருந்தாலும், ஒரு கீபோர்டு வேண்டும். விலை உயர்ந்ததாக இருக்கத் தேவையில்லை. 49 அல்லது 61 கட்டைகள் கொண்ட எதுவும் போதும். கார்டு என்பது பல சுரங்கள் ஒரே நேரத்தில் ஒலிப்பது என்பதால், ஒரு நேரத்தில் ஒரு சுரம் மட்டுமே வரும் குரலிலோ குழலிலோ அதை அறிய இயலாது. உங்கள் கையே அந்தச் சுரங்களை ஒன்றாக அழுத்தி, உங்கள் காதே அவற்றைக் கேட்க வேண்டும். கச்சேரி தரத்தில் பியானோ வாசிக்கக் கற்க வேண்டியதில்லை; இடக்கையில் ஒரு சுரமும் வலக்கையில் இரண்டோ மூன்றோ சுரங்களும் தட்டத் தெரிந்தால் இங்கே சொல்லும் எல்லாவற்றையும் செய்துவிடலாம்.

கீபோர்டைத் தொட்டவுடன் ஒரு நெருடல் வரும். தம்பூராவோடு சேர்ந்து நிற்கும் அந்தர காந்தாரம், கீபோர்டின் காந்தாரத்தைவிட ஏறத்தாழ 14 சென்ட் தாழ்ந்தது. அரைச்சுர இடைவெளி 100 சென்ட் என்று வைத்துப் பார்த்தால் இது நல்ல காதுக்குத் தெளிவாகவே கேட்கும் வேறுபாடு. பியானோ 12 சுரங்களையும் சம இடைவெளியில் வைத்திருப்பது சவை எங்கு வேண்டுமானாலும் நகர்த்துவதற்காகத்தான். தூய சுருதியை ஓரளவு விட்டுக்கொடுத்து வாங்கிய சுதந்திரம் அது. அதைக் குறையாகக் கருதிக்கொண்டே கற்றால் கற்றல் நகராது.

அடுத்தது சுருதி. நம்மில் பெரும்பாலோர் ஒரே கட்டையில் வளர்ந்தவர்கள். பாடகர் தம் கட்டையை மாற்றுவதில்லை. வயலின் கலைஞர் தந்திகளைச் ச, ப, ச, ப என்று பாடகரின் கட்டைக்கு ஏற்றிவிடுவதால் விரல்கள் எப்போதும் ஒரே இடத்தில்தான் விழும். ஜாஸில் டிரம்பெட், டெனர் சாக்ஸஃபோன், ஆல்டோ சாக்ஸஃபோன் ஆகியவற்றின் வசதிக்காக பி ஃபிளாட், இ ஃபிளாட், எஃப் ஆகிய சுருதிகளில், அதாவது நம் கணக்கில் ஆறரை, இரண்டரை, நான்கு கட்டைகளில், ஏராளமான பாட்டுகள் உள்ளன. எனவே வயலின் கலைஞர்கள் ஜாஸுக்காகத் தந்திகளை ஜி, டி, ஏ, இ என்ற மேற்கத்திய முறையில் கட்டிக்கொண்டு, சங்கராபரணத்தின் ஆரோகண அவரோகணத்தை 12 கட்டைகளிலும் மெதுவாக வாசித்துப் பழக வேண்டும். இது சலிப்பான வேலை. நாளுக்கு ஒரு கட்டை என்று வைத்துக்கொண்டு, சரளி வரிசையை முதன்முதலில் கற்றபோது இருந்த பொறுமையோடு செய்யுங்கள்.

இரண்டாம் படி: சங்கராபரணத்திலிருந்து ஏழு கார்டுகள்

சி கட்டையைச் சவாக வைத்துச் சங்கராபரணத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சவில் தொடங்கி ஒரு சுரம் விட்டு ஒரு சுரமாக நான்கு சுரங்களை எடுத்தால் ச, க, ப, நி கிடைக்கும். ரியில் தொடங்கினால் ரி, ம, த, ச. கவில் தொடங்கினால் க, ப, நி, ரி. இப்படியே ஏழு சுரங்களிலும் தொடங்கினால் ஏழு கார்டுகள் வரும். அவற்றில் வகைகள் நான்குதான். ஒவ்வொரு கார்டையும் அதன் அடிச்சுரத்தைச் சவாகக் கொண்டு எழுதினால் வகைகள் பளிச்சென்று தெரியும். ச, க3, ப, நி3 என்பது மேஜர் 7. இது ச, ம ஆகிய இரண்டு இடங்களில் வருகிறது. ச, க2, ப, நி2 என்பது மைனர் 7. இது ரி, க, த ஆகியவற்றில். ச, க3, ப, நி2 என்பது டாமினன்ட் 7, இயல்பாகப் பவில் மட்டும் வருவது. ச, க2, ம2, நி2 என்பது அரை டிமினிஷ்ட்; இது நியில்.

இந்த நான்கையும் அருகருகே வைத்துப் பாருங்கள். ச எல்லாவற்றிலும் உண்டு. ப மூன்றில் உண்டு. அரை டிமினிஷ்டை மைனர் 7-இலிருந்து பிரிப்பது பவுக்குப் பதிலாக வரும் ம2 மட்டுமே; மற்ற மூன்றையும் ஒன்றிலிருந்து ஒன்று வேறுபடுத்திக் காட்டுபவை கவும் நியும்தான். இங்கேதான் நம் பழக்கம் தலைகீழாகத் திரும்புகிறது. நமக்குச் சவும் பவும் அசையாத இரு தூண்கள். ஜாஸ் பியானோ கலைஞரோ கார்டிலிருந்து முதலில் கைவிடுவது பவை, அடுத்துக் கைவிடுவது சவை, ஏனெனில் சவைப் பேஸ் வாசிப்பவர் பார்த்துக்கொள்வார். எஞ்சி நிற்கும் கவும் நியும் கார்டு மேஜரா, மைனரா, டாமினன்டா என்பதை முழுமையாகச் சொல்லிவிடுகின்றன. அந்த இரண்டு சுரங்களையும் வழிகாட்டிச் சுரங்கள் என்று இக்கட்டுரையில் அழைக்கிறேன்.

நான்கு வகைகளையும் கண்ணை மூடிக் கேட்டு அடையாளம் சொல்லும் அளவுக்குப் பழகும்வரை அடுத்த படிக்குப் போக வேண்டாம். ராகத்தை இரண்டு சங்கதிகளில் அடையாளம் காணும் ரசிகருக்கு இது சில வாரங்களில் கைகூடும்.

மூன்றாம் படி: மேலே கேட்காமல் கீழே கேட்டல்

நம் காது மெட்டைத் தேடிப் போகும் காது. பாட்டு தொடங்கியவுடன் மேல் குரலைப் பிடித்துக்கொண்டு அதன் கமகங்களை ரசிக்கிறோம். ஹார்மனி கீழிருந்து கட்டப்படுவதால், அதைக் கேட்கக் காதைத் தரைக்கு இறக்க வேண்டும்.

இதற்கு ஜாஸ் பதிவுகளைவிட முதலில் உதவுவது தமிழ்த் திரையிசை என்பது என் அனுபவம். 1970-களின் இறுதியிலிருந்து 1980-கள் முழுவதும் இளையராஜா இசையமைத்த பாடல்களில் பேஸ் கிட்டார் தனக்கென ஒரு மெட்டோடு நடக்கிறது. நீங்கள் சிறு வயதிலிருந்தே மனப்பாடமாக வைத்திருக்கும் பாடல் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, ஹெட்ஃபோனில் கேட்டு, மெட்டைப் பாடாமல் பேஸை மட்டும் தொடக்கம் முதல் இறுதிவரை பாடுங்கள். முதல் நாளில் பல்லவியைத் தாண்ட முடியாது. ஒரு வாரத்தில் முழுப் பாடலும் வந்துவிடும். அதன் பிறகு அந்தப் பாடலை நீங்கள் பழையபடி கேட்கவே மாட்டீர்கள். இப்படி ஐந்தாறு பாடல்களின் பேஸைப் பாடிய பின் ஜாஸ் பதிவுகளில் பேஸைப் பின்தொடரத் தொடங்கலாம். ஜாஸ் பேஸ் பெரும்பாலும் தாளத்தின் ஒவ்வோர் எண்ணிக்கைக்கும் ஒரு சுரம் என்று நடந்துகொண்டே இருக்கும். கார்டு மாறும் முதல் எண்ணிக்கையில் பெரும்பாலும் அந்தக் கார்டின் சவில் வந்து நிற்கும். அந்த நிற்குமிடங்களை மட்டும் பிடித்தால் போதும்.

நான்காம் படி: ரி, ப, ச

ஜாஸ் பாட்டுகளில் மீண்டும் மீண்டும் வரும் ஒரு நகர்வு உண்டு. ரியில் அமைந்த மைனர் 7, பவில் அமைந்த டாமினன்ட் 7, சவில் அமைந்த மேஜர் 7 என்று மூன்று கார்டுகள் அடுத்தடுத்து வருவது அது. சி சுருதியில் டி மைனர் 7, ஜி 7, சி மேஜர் 7. மேற்கத்திய வழக்கில் இதை இரண்டு, ஐந்து, ஒன்று என்று எண்களால் சொல்வார்கள். இந்த ஒரு நகர்வை 12 கட்டைகளிலும் உள்ளங்கை நெல்லிக்கனியாக அறிந்தவர், அறியாத பாட்டிலும் பாதி வழியைத் தாமே கண்டுகொள்வார். எனவே இந்தப் படியில் மாதக்கணக்கில் தங்குவது தவறில்லை.

இடக்கையில் டி, ஜி, சி என்று பேஸை மட்டும் ஒவ்வொன்றாக அழுத்துங்கள். இப்போது மூன்று கார்டுகளின் வழிகாட்டிச் சுரங்களையும் பாருங்கள். டி மைனர் 7-இன் வழிகாட்டிகள் எஃப், சி. பாட்டின் சுருதியில் அவை ம, ச. ஜி 7-இன் வழிகாட்டிகள் பி, எஃப். அதாவது நி, ம. சி மேஜர் 7-இன் வழிகாட்டிகள் இ, பி. அதாவது க, நி. இவற்றை இரண்டு குரல்களாகப் பிரித்துப் பாடினால் முதல் குரல் ம, ம, க என்றும், இரண்டாம் குரல் ச, நி, நி என்றும் வரும். இரண்டு குரல்களும் அரைச்சுரத்துக்கு மேல் எங்கும் நகரவில்லை. ஒரு கார்டில் ஒரு குரல் அசையாமல் நிற்க மற்றது ஒரு படி இறங்குகிறது. அடுத்த கார்டில் இறங்கியது நிற்க, நின்றது இறங்குகிறது. பேஸ் மட்டுமே பெரிய பாய்ச்சல்களை எடுக்கிறது.

இதில் முதல் குரலின் மவைக் கவனியுங்கள். டி மைனர் 7 ஒலிக்கும்போது அது அந்தக் கார்டின் க2. நீங்கள் அதை அசைக்காமல் பிடித்திருக்க, பேஸ் ஜிக்குப் போனவுடன் அதே சுரம் புதிய கார்டின் நி2 ஆகிவிடுகிறது. கிரக பேதம் செய்து காட்டும் வித்வான் ஒரு சுரத்தைச் சவாக்கியவுடன் ராகம் மாறிக் கேட்பதைப் போன்றதே இது. ஆனால் இங்கே கிரக பேதம் பாருக்கு ஒருமுறை நிகழ்கிறது, அதைச் செய்பவர் நீங்கள் அல்லர், பேஸ் வாசிப்பவர். சுரம் அசையாமல் அதன் பொருள் மட்டும் அசையும் அந்தக் கணத்தை நீங்கள் உடம்பில் உணர்ந்தால், ஜாஸ் ஹார்மனியின் கதவு திறந்துவிட்டது என்று கொள்ளலாம்.

ஜி 7 ஏன் சிக்குப் போகத் துடிக்கிறது என்பதற்கும் விடை இங்கேயே உள்ளது. அதன் வழிகாட்டிகளான நிக்கும் மவுக்கும் இடையே ஆறு அரைச்சுரங்கள் உள்ளன. ஸ்தாயியைச் சரிபாதியாகப் பிளக்கும் இடைவெளி அது. சங்கராபரணத்தின் ம கவை நோக்கி இறங்க விரும்பும், நி மேல் சவை நோக்கி ஏற விரும்பும் என்பதை நாம் அறிவோம். அந்த இரண்டு விருப்பங்களையும் ஒரே கார்டில் ஒன்றாக ஒலிக்கவிட்டால் வரும் பதற்றம்தான் டாமினன்ட் 7. ஜாஸில் நியைச் சவுக்கு ஏற்றாமல் மேஜர் 7-இன் நியாக அப்படியே விட்டுவைப்பது வழக்கம். அதனால் முடிவிலும் ஒரு மெல்லிய ஏக்கம் எஞ்சியிருக்கும்.

பயிற்சி முறை இது. இடக்கையில் பேஸ், குரலில் முதல் வழிகாட்டி வரி. பிறகு இடக்கையில் பேஸ், குரலில் இரண்டாம் வரி. பிறகு வலக்கையில் இரண்டு வரிகளும், குரலில் பேஸ். இவை மூன்றும் தடையின்றி வந்த பின் சுருதியை ஒரு சுரம் இறக்கி, பி ஃபிளாட்டில் அதையே செய்யுங்கள். கருவியை எடுப்பது இதற்குப் பிறகுதான். எடுத்தவுடன் வேகமான பிருகாக்களுக்குப் போகாமல், வழிகாட்டி வரியையே நீண்ட சுரங்களாக வாசித்து, அவற்றைச் சுற்றி ஓரிரு சுரங்களை மட்டும் சேர்த்து ஒரு சிறு மெட்டாக்கப் பாருங்கள்.

ஐந்தாம் படி: 12 பார் புளூஸும் ஆதி தாளமும்

ஜாஸ் கலைஞர்கள் ஒரு பாட்டின் கார்டுச் சுற்றை முழுதாக ஒருமுறை முடிப்பதைக் கோரஸ் என்பார்கள். அந்தச் சுற்றைத் தொலைக்காமல் இருப்பதே தொடக்கக்காரரின் முதல் போராட்டம். கர்நாடகக் கலைஞருக்கு இதில் ஒரு வரம் உண்டு: நான்கு எண்ணிக்கை கொண்ட இரண்டு பார்கள் சேர்ந்தால் ஓர் ஆதி தாள ஆவர்த்தனம். லகு முதல் பார், இரண்டு திருதங்களும் சேர்ந்து இரண்டாம் பார். எனவே 12 பார் புளூஸ் ஆறு ஆவர்த்தனங்கள். 32 பார் கொண்ட பாட்டு 16 ஆவர்த்தனங்கள். வாய் எதைப் பாடினாலும் கை தாளம் போட்டுக்கொண்டிருக்கும் நம் பழக்கத்தை அப்படியே பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

சி சுருதியில் ஜாஸ் புளூஸின் ஒரு வழக்கமான வடிவம் இப்படி அமையும். முதல் ஆவர்த்தனத்தின் லகுவில் சி 7, திருதங்களில் எஃப் 7. இரண்டாவது முழுவதும் சி 7. மூன்றாவது முழுவதும் எஃப் 7. நான்காவதில் சி 7, ஏ 7. ஐந்தாவதில் டி மைனர் 7, ஜி 7. ஆறாவதில் சி 7, ஜி 7. பிறகு முதலிலிருந்து மீண்டும். பார்த்தவுடன் ஒன்று உறுத்தும்: வீடு போன்ற சவின் கார்டே நி2 கொண்ட டாமினன்ட் ஆக இருக்கிறது. மேற்கத்திய செவ்வியல் இலக்கணம் இதை நிலையற்ற கார்டு என்று சொல்லும். புளூஸோ அதையே வீடாக்கிக்கொண்டது. மேல் குரலில் க2-வும் கீழே கார்டில் க3-வும் ஒரே நேரத்தில் உரசுவது இந்த இசையின் உயிர். அமெரிக்கத் தென்மாநிலங்களின் கறுப்பின மக்கள் பாடி வளர்த்த மரபு அது. அந்த உரசலை மெருகு போட்டு மறைத்துவிட்டால் புளூஸ் போய்விடும். சுத்த தன்யாசியின் சுரங்களை இந்தக் கார்டுகளின்மேல் பாடிப் பாருங்கள், உடனே விளங்கும்.

வழிகாட்டிச் சுரங்களை இங்கும் தேடுங்கள். சி 7-இன் க3, நி2 இரண்டும் எஃப் 7 வரும்போது ஆளுக்கு ஓர் அரைச்சுரம் இறங்கி, பாட்டின் சுருதியில் க2, த2 ஆகின்றன. இதைவிட அழகானது ஏ 7-இல் தொடங்கும் இறக்கம். ஏ 7, டி மைனர் 7, ஜி 7, சி 7 என்று கார்டுகள் மாற, ஒரு குரல் ரி1, ச, நி3, நி2 என்று அரைச்சுரம் அரைச்சுரமாக வழுக்கி இறங்குகிறது. மற்றொரு குரல் ப, ம, ம, க3 என்று வருகிறது. நம் ராக இலக்கணத்தில் நி3-க்கு அடுத்து நி2 வருவதற்கு இடங்கள் மிகக் குறைவு. இங்கே அது மாறும் தரையின் இயல்பான விளைவு. இந்த இரண்டு வரிகளையும் தாளம் போட்டுக்கொண்டு நூறு முறையாவது பாடுங்கள்.

முதல் பாட்டாக டியூக் எல்லிங்டனின் 'சி ஜாம் புளூஸ்' நல்ல தேர்வு, ஏனெனில் அதன் மெட்டு ப, ச என்ற இரண்டே சுரங்களால் ஆனது. மெட்டு எளிதாக இருப்பதால் காது முழுவதையும் கீழே வைக்கலாம். லயத்தைப் பற்றி ஒரு சொல்: ஸ்விங் நடையைத் திஸ்ரத்தின் முதல் இரண்டு மாத்திரைகளை இணைத்ததாகச் சொல்வது தொடக்கத்துக்கு உதவும், ஆனால் வேகம் கூடக் கூட அந்த விகிதம் சமமாகிக்கொண்டே போகும், எனவே கணக்கை நம்பாமல் பதிவைக் கேட்டு ஒட்டிக்கொள்ளுங்கள்.

ஆறாம் படி: ஒரு முழுப் பாட்டு

புளூஸ் கைவந்த பிறகு, ஜோசப் கோஸ்மா 1945-இல் இசையமைத்து, ஆங்கிலத்தில் 'ஆட்டம் லீவ்ஸ்' என்ற பெயரில் ஜாஸ் கலைஞர்களின் பொதுச் சொத்தாகிவிட்ட பிரெஞ்சுப் பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஜியைச் சவாகக் கொண்டால், அதன் முதல் எட்டுப் பார்களில் கார்டுகளின் அடிச்சுரங்கள் ரி, ப, ச, ம, நி, க, த என்று செல்கின்றன. சங்கராபரணத்தின் ஏழு கார்டு இடங்களும் ஒவ்வொரு முறை வந்துவிடுகின்றன. முதல் மூன்றும் நான்காம் படியில் பழகிய அதே ரி, ப, ச. கடைசி மூன்றும் அதே நகர்வுதான், ஆனால் தவைப் புதிய சவாகக் கொண்ட மைனர் வடிவில்.

அந்த மைனர் வடிவில் கவில் அமைந்த கார்டு இயல்பான மைனராக இல்லாமல் பி 7 என்ற டாமினன்டாக மாறியிருப்பதைக் கவனியுங்கள். அதனால் சங்கராபரணத்தில் இல்லாத ஒரே ஒரு சுரம், டி ஷார்ப், உள்ளே வருகிறது. அடுத்து வரப்போகும் இ மைனரைச் சவாக வைத்துப் பார்த்தால் அந்தச் சுரம் நி3. அதாவது அந்த ஒரு பாரில் தரை இ கீரவாணியாகிறது. பாட்டு முழுவதும் ஒரே ராகம் போலத் தோன்றினாலும் இந்த ஒரு சுரத்தைக் கேட்டு, அங்கே அதைத் தொட்டுக்காட்டும் கலைஞரை மற்றவர்கள் உடனே மதிப்பார்கள். தாம் இருக்கும் இடம் அவருக்குத் தெரிகிறது என்பதற்கு அது சான்று.

இந்தப் பாட்டை மெட்டு, பேஸ், வழிகாட்டி வரிகள் என்ற மூன்று நிலைகளிலும் மனப்பாடமாகப் பாடத் தெரிந்துகொள்ளுங்கள். தாளில் பார்த்து 20 பாட்டுகள் வாசிப்பதைவிட, இப்படி மூன்று பாட்டுகளை உள்வாங்குவது பெரிது. மனப்பாடமாகக் கிருதிகளைக் கற்ற நமக்கு இது புதிய வேலையும் அன்று.

ஸ்கேல்களும் கமகங்களும்

இப்போது ஸ்கேல்களுக்கு வரலாம். டி மைனர் 7-க்கு டியிலிருந்து கரஹரப்ரியா, ஜி 7-க்கு ஜியிலிருந்து ஹரிகாம்போதி, சி மேஜர் 7-க்குச் சியிலிருந்து சங்கராபரணம் என்று பொருத்தம் சொல்வார்கள். இவை மூன்றும் ஒரே ஏழு வெள்ளைக் கட்டைகள்தான் என்பது கிரக பேதம் அறிந்தவருக்குச் சொல்லாமலே தெரியும். எனில், கார்டு மாறியதை எது காட்டும்? வலுவான எண்ணிக்கையில் நீங்கள் எந்தச் சுரத்தில் வந்து நிற்கிறீர்கள் என்பதே காட்டும். முதலிலேயே ஸ்கேல்களில் மூழ்க வேண்டாம் என்று நான் வலியுறுத்துவதற்கு இதுதான் காரணம்.

சங்கராபரணத்துக்கு வெளியே போகும்போது மேளகர்த்தா அறிவு உண்மையாகவே கைகொடுக்கிறது. பில்லி ஸ்ட்ரேஹார்ன் இயற்றி, டியூக் எல்லிங்டன் குழு 1941-இல் பதிவுசெய்த 'டேக் தி ஏ டிரெய்ன்' பாட்டின் மூன்றாம் பாரில், டி 7 கார்டின்மேல் மெட்டு அந்தக் கார்டின் ம2-இல் வந்து நிற்கிறது. க3, ம2, நி2 மூன்றும் சேர்ந்தால் நமக்கு வாசஸ்பதி நினைவுக்கு வரும். ஜாஸ் கலைஞர்கள் இத்தகைய இடங்களில் பெரிதும் பயன்படுத்தும் ஸ்கேல்களில் அதுவும் ஒன்று. வாசஸ்பதி கௌரிமனோகரியின் மவிலிருந்து கிரக பேதத்தால் பிறப்பது. அதே கௌரிமனோகரியின் நியைச் சவாக்கினால் பஞ்சமம் இல்லாமல் போவதால் நம் இலக்கணம் அதை மேளமாக ஏற்பதில்லை. ஜாஸிலோ டாமினன்ட் கார்டின் பதற்றத்தை உச்சத்துக்குக் கொண்டுபோக அந்த அமைப்பையே நாடுகிறார்கள். ஜி 7-இன்மேல் ஏ ஃபிளாட் கௌரிமனோகரியைப் பாடிவிட்டுச் சி மேஜர் 7-இன் கவில் இறங்கிப் பாருங்கள்.

ஜி 7-க்குப் பதிலாக டி ஃபிளாட் 7 வாசிக்கும் மாற்றீட்டையும் இந்த நிலையில் கற்கலாம். இரண்டு கார்டுகளுக்கும் வழிகாட்டிச் சுரங்கள் அதே பியும் எஃப்பும்தான். இடம் மட்டும் மாறி, ஒன்றின் க மற்றொன்றின் நி ஆகிறது. பேஸ் டி, டி ஃபிளாட், சி என்று அரைச்சுரமாக இறங்குகிறது.

கமகத்தைப் பற்றிக் கவனமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. நம் இசையின் உயிரை வெளியே விட்டுவிட்டு வாருங்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் கரஹரப்ரியாவின் காந்தாரத்தை நாம் பாடும் முறையில் அது ரிக்கும் மவுக்கும் இடையே ஊசலாடுகிறது. கார்டு மேஜரா மைனரா என்பதை அந்த ஒரு சுரமே சொல்ல வேண்டியிருக்கும் இடத்தில் அந்த ஊசலாட்டம் செய்தியைக் குழப்பிவிடும். ஆகவே முதல் ஓராண்டுக்கு வழிகாட்டிச் சுரங்களை அசைவின்றிப் பிடிக்கப் பழகுங்கள். ஜாரு எங்கும் பொருந்தும். சாக்ஸஃபோன் கலைஞர்களும் சுரங்களுக்கு இடையே வழுக்குகிறார்கள். கம்பிதத்தைக் கார்டு நீண்ட நேரம் மாறாமல் நிற்கும் இடங்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

அப்படிப்பட்ட இடங்கள், ஒரே ஸ்கேல் நெடுநேரம் நிற்கும் மோடல் ஜாஸில் நிறைய உண்டு. மைல்ஸ் டேவிஸ் 1959 மார்ச் 2 அன்று நியூயார்க்கில் பதிவுசெய்த 'ஸோ வாட்' பாட்டில் எட்டு ஆவர்த்தனங்கள் டி கரஹரப்ரியா, அடுத்த நான்கு ஆவர்த்தனங்கள் அரைச்சுரம் மேலே இ ஃபிளாட் கரஹரப்ரியா, மீண்டும் நான்கு ஆவர்த்தனங்கள் டி. ராகம் பயின்றவர்கள் பெரும்பாலும் இங்கிருந்தே தொடங்க ஆசைப்படுகிறார்கள். மனம் இங்கே வீட்டில் இருப்பதுபோல் உணரும் என்பதாலேயே இதைப் பிற்பாடு வைத்தேன். இதில் தொடங்கியவர்கள் கார்டு நகர்வைக் கற்காமலே திருப்தியடைந்துவிடக்கூடும்.

கேட்டுப் பாடம் செய்தலும் பிறரோடு வாசித்தலும்

ஜாஸ் கலைஞர்கள் முன்னோர் வாசித்த தனிவாசிப்புகளைப் பதிவிலிருந்து கேட்டு, சுரம் பிசகாமல் மனப்பாடம் செய்கிறார்கள். குருவின் எதிரே அமர்ந்து சங்கதி சங்கதியாகக் கற்ற நமக்கு இதைவிடப் பழக்கமான முறை வேறில்லை. வேகமானவற்றைத் தேடிப் போகாமல், செட் பேக்கரின் டிரம்பெட் அல்லது லெஸ்டர் யங்கின் டெனர் சாக்ஸஃபோன் போலப் பாடக்கூடிய வாசிப்புகளில் ஒரு கோரஸ் மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் பாடுங்கள், பிறகு வாசியுங்கள், கடைசியில் ஒவ்வொரு சுரமும் அந்த நேரத்துக் கார்டின் எந்தச் சுரம் என்று எழுதிப் பாருங்கள். நல்ல கலைஞர்கள் கார்டு மாறும் இடங்களில் எத்தனை முறை க அல்லது நியில் இறங்குகிறார்கள் என்பதை உங்கள் கையெழுத்திலேயே காண்பீர்கள்.

எதிர்த் திசையில் இப்பாதையில் நடந்தவர்களையும் கேட்கலாம். கிட்டார் கலைஞர் ஜான் மெக்லாக்லின் அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் எஸ். ராமநாதனிடம் வீணை பயின்றார். சாக்ஸஃபோன் கலைஞர் சார்லி மரியானோ நாகஸ்வரம் கற்றார். அவர்கள் பதிவுகள் ஊக்கம் தருபவை. ஆனால் அவற்றிலிருந்து கார்டு நகர்வைக் கற்க முயல வேண்டாம். அங்கே ஹார்மனி பெரும்பாலும் ராகத்துக்கு வழிவிட்டு ஒதுங்கி நிற்கிறது.

நாள்தோறும் 40 நிமிடங்கள் ஒதுக்க முடிந்தால், 10 நிமிடங்கள் பேஸ் பாடவும், 15 நிமிடங்கள் வழிகாட்டி வரிகளுக்கும், மீதியைப் பாட்டுக்கும் வைத்துக்கொள்ளுங்கள். இந்த வேகத்தில் புளூஸும் ஒரு முழுப் பாட்டும் கைவர ஏறத்தாழ ஓராண்டு ஆகலாம். அதற்கு முன்பே, ஆறு மாதங்களுக்குள், ஒரு பேஸ் கிட்டார் கலைஞரையாவது தேடிக் கண்டுபிடித்து அவரோடு இருவராக வாசிக்கத் தொடங்குங்கள். கைபேசியில் ஒலிக்கும் பின்னணி இசை உங்களைக் கேட்பதில்லை, மனிதர் கேட்பார். பியானோ இல்லாத அந்த இருவர் வாசிப்பில் கவையும் நியையும் சொல்லும் பொறுப்பு முழுவதும் உங்களுடையதாகிவிடும் என்பதால், பயிற்சியாகவும் அதற்கு ஈடில்லை.

குழுவோடு முதன்முறை சேரும்போது, பாட்டையும் சுருதியையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கட்டையில் சொன்னால் புரியாது, ஆங்கிலச் சுரப் பெயரில் சொல்ல வேண்டும். இரண்டு கோரஸுக்கு மேல் எடுத்துக்கொள்ளாதீர்கள். இடையில் சுற்றைத் தொலைத்துவிட்டதாக உணர்ந்தால் வாசிப்பதை நிறுத்திவிட்டுத் தாளத்தை மட்டும் கையில் பிடித்துக்கொண்டு பேஸைக் கேளுங்கள். ரி, ப, ச என்ற நகர்வு சுற்றின் முடிவில் வரும்போது எங்கே இருக்கிறீர்கள் என்று தெரிந்துவிடும், அடுத்த ஆவர்த்தனத்தின் லகுவில் உள்ளே வாருங்கள். உங்கள் முறை முடிந்ததும், கடைசித் திருதம் விழுவதற்குள், அடுத்து வாசிப்பவரைப் பார்த்துத் தலையசையுங்கள்.